கவுண்டி கண்காட்சியில் நம் பிள்ளைகள்: விதிகள் யாரையும் விலக்குவதற்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் கோடைக்காலக் கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) கண்காட்சிகளில் தங்கள் படைப்புகளை வைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான வாசகர் கடிதத்தைப் படித்தேன். இளையோர் பிரிவின் விதிகள் அளவுக்கு மிஞ்சிக் கடுமையானவை என்றும், புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துவதற்குத்தான் அவை உதவுகின்றன என்றும் அக்கடிதத்தை எழுதிய தந்தை வருந்தியிருந்தார். நானும் ஒரு காலத்தில் அதே வருத்தத்தோடு கண்காட்சிக் கூடத்தை விட்டு வெளியே வந்தவள்தான். ஆயினும், ஒஹாயோ மாநிலத்தில் இரு பிள்ளைகளை வளர்த்து, ஆறு ஆண்டுகளாக இளையோர் படைப்புகளைப் பதிந்து வாங்கும் மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்து வருபவள் என்ற முறையில், அவருடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த விதிகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி எழுந்தவை: இந்தப் பொருளை இந்தப் பிள்ளையே செய்ததா? அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லத் தயங்கும் இடத்தில்தான் நம் குடும்பங்களுக்கும் விதிகளுக்கும் உரசல் ஏற்படுகிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் கண்டிருக்கிறேன்.

என் வீட்டுக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் 12 வயதில் தையல் பிரிவில் ஒரு பாவாடை தைத்தாள். துணியை வெட்டியதும், மடித்து ஓரம் அடித்ததும், இடுப்புப் பட்டையை இணைத்ததும் அவளே. ஆனால் ஸிப் வைத்த இடம் கோணலாக இருந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல், அவள் உறங்கிய பிறகு நான் அதைப் பிரித்து மீண்டும் தைத்து வைத்தேன். மதிப்பீட்டு நாளன்று நடுவர் அம்மையார் பாவாடையை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தார். தையலை நன்கு அறிந்தவர்கள் எப்போதும் உட்புறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். மற்ற தையல்களைப் பற்றி அவர் கேட்டபோது மகள் தயக்கமின்றி விளக்கினாள். ஸிப்பை எப்படி வைத்தாய் என்று கேட்டபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே நடுவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோணலான ஸிப்போடு கொண்டுவந்திருந்தால் அதை எப்படிச் சரிசெய்வது என்று இன்று உனக்குக் கற்றுத் தந்திருப்பேன் என்று மட்டும் மகளிடம் கூறினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், “அடுத்த வருஷம் நீங்க தொடவே கூடாதும்மா” என்று அவள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இங்கே நடுவர் பிள்ளையை எதிரில் உட்கார வைத்துப் பேசுவது வெறும் சடங்கு அன்று. படைப்பைப் பார்ப்பதைப் போலவே, அதைச் செய்த பிள்ளை என்ன கற்றுக்கொண்டது, எந்த இடத்தில் தடுமாறியது, மறுபடி செய்தால் எதை மாற்றும் என்பதைக் கேட்டறிவதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியாகும். இளையோர் கையால் செய்து கற்பதற்கான 4-எச் இயக்கத்தின் பல மாநில அமைப்புகள் பின்பற்றும் டேனிஷ் முறையில் ஒரு பிள்ளையின் படைப்பை இன்னொரு பிள்ளையின் படைப்போடு ஒப்பிடுவதே இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு தரவரையறையோடு ஒப்பிட்டு தரத்தின் இறங்குவரிசையில் நீல, சிவப்பு, வெள்ளை ரிப்பன்களில் ஒன்றை வழங்குகிறார்கள். பத்துப் படைப்புகளும் தரமாக இருந்தால் பத்துக்கும் நீல ரிப்பன் கிடைக்கும். முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்ற கணக்கிலேயே வளர்ந்த நமக்கு இது பிடிபடச் சற்றுக் காலம் ஆகிறது. சிவப்பு ரிப்பன் வாங்கிய பிள்ளையை அந்த இடத்திலேயே அதட்டும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் நோகிறது.

4-எச் இயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் இந்த மதிப்பீட்டின் நோக்கமும் புரியும். 1902ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று, இதே ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில், ஸ்பிரிங்ஃபீல்ட் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் 10 முதல் 15 வயது வரையிலான ஏறத்தாழ 85 பிள்ளைகளைக் கூட்டினார். சோளம் பயிரிடுதல், தோட்டம் போடுதல், மண்ணைச் சோதித்தல் ஆகியவற்றைப் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் 4-எச் இயக்கம் வளர்ந்தது. 1914இன் ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணியை, அதாவது வேளாண் அறிவை மக்களிடம் கொண்டுசெல்லும் பணியை, நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களோடு இணைத்தபோது, இந்த இயக்கத்துக்கும் நிலையான ஒரு வீடு கிடைத்தது. கையால் செய்து கற்பதே அடிப்படை என்று தொடங்கிய ஓர் இயக்கம், செய்த கை யாருடையது என்று கேட்பதில் வியப்பில்லை.

அடுத்து, அத்தந்தை மிகவும் வருந்தி எழுதியிருந்த உணவுப் பிரிவு. இதில் என் மகனும் அடிபட்டவன். என் தாயார் கைப்பக்குவத்தில் பூண்டு ஊறுகாய் போட்டு, கண்ணாடிக் குப்பியில் எண்ணெய் மிதக்க நிரப்பிக் கொண்டுபோனான். நடுவர் குப்பியைத் திறக்கவே இல்லை. சோதிக்கப்பட்ட செய்முறை அன்று என்ற குறிப்போடு அது மதிப்பிடப்படாமல் திரும்பியது. நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒன்றை இவர்கள் எப்படி ஒதுக்கலாம் என்று நானும் அன்று கொதித்தேன். பிறகு விரிவாக்க அலுவலகத்தில் பணிபுரிந்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். பூண்டு புளிப்பற்ற பொருள். அதை எண்ணெய்க்குள் அமிழ்த்தினால் காற்றுப் படாது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6க்கு மேல் இருந்து காற்றும் புகாத நிலையில், போட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பிருக்கிறது. அந்த நச்சுக்கு மணமோ சுவையோ தனியே தெரியாமல் போகலாம். என் தாயார் சேர்க்கும் புளியும் உப்பும் எலுமிச்சைச் சாறும் அவர் கண்ணளவில் சரியாகவே இருக்கலாம். ஆனால் மேசையில் இருக்கும் குப்பியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு நடுவர் பார்வையால் அறிய முடியாது. தக்காளியைக்கூட அப்படியே குப்பியில் அடைக்க விடமாட்டார்கள்; ஒரு குவார்ட் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) குப்பிக்கு 2 மேசைக்கரண்டி அளவு, கடையில் விற்கும் எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறையின் கையேடு சொல்கிறது. வீட்டில் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதே அதன் காரணம். தக்காளிக்கும் பூண்டுக்கும் ஒரே நியாயம்தான் பேசப்படுகிறது. இதை இனப் பாகுபாடு என்று நாம் கருதினால் தவறு நம்முடையதே.

மறு ஆண்டு அவன் அக்கையேட்டின்படி ஸ்ட்ராபெரி ஜாம் செய்தான். குப்பியின் விளிம்புக்குக் கீழே கால் அங்குலம் இடைவெளி விட்டு, கொதிநீரில் குறித்த நேரம் வைத்து எடுத்து, பொருளின் பெயர், பதப்படுத்திய முறை, நேரம், நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டினான். நாங்கள் வாழும் இடத்தின் உயரத்துக்கு ஏற்ப அந்த நேரம் மாறும் என்பதை அவனே எனக்கு எடுத்துச் சொன்னான்.

ஆயினும் நம் உணவுக்கும் நம் கலைக்கும் அங்கே இடமே இல்லையா என்ற கேள்வி நியாயமானது. இடம் இருக்கிறது, கேட்க வேண்டிய காலத்தில் கேட்க வேண்டும். ஒஹாயோ 4-எச் திட்டங்களில், பிள்ளை தானே பொருளைத் தேர்ந்து, தன் இலக்குகளையும் தானே வகுத்துக்கொள்ளும் ஒரு தனித் திட்டம் உண்டு. கோலத்தின் புள்ளிக் கணக்கையோ, ஆவியில் வேகும் உணவுகளையோ, பனையோலை முடைதலையோ ஒரு தமிழ்ப் பிள்ளை இதில் எடுத்துக்கொண்டு, விளக்கப் பலகையும் குறிப்பேடும் தயாரித்துக் காட்டலாம். கெட்டுப்போகும் உணவை மேசையில் வைக்க முடியாவிட்டாலும், அதைப் பற்றிய அறிவை வைக்கத் தடையில்லை. அதற்குக் குழுத் தலைவரிடமும் விரிவாக்க அலுவலரிடமும் பருவத்தின் தொடக்கத்திலேயே பேசி, எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்வது நல்லது. ஜூலை மாதத்தில் மேசையின் முன் நின்று வாதாடினால், என்னைப் போன்ற தன்னார்வலர்களால் அனுதாபப்பட மட்டுமே முடியும்.

காலக்கெடுதான் நம்மவர் மிகுதியாகத் தவறும் இடம். கண்காட்சி கோடையில் நடந்தாலும், 4-எச் உறுப்பினராகப் பதிவு செய்யும் காலம் பல கவுண்டிகளில் வசந்தத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கைவினைகளின் மதிப்பீடும் பெரும்பாலும் கண்காட்சிக்கு முன்பே தனி நாளில் நடந்துவிடுகிறது. வயது வரம்பும் அப்படித்தான். ஒஹாயோவில் போட்டிக்குரிய திட்டங்களில் சேர, அவ்வாண்டு ஜனவரி 1 அன்று பிள்ளைக்கு 8 வயது நிரம்பி மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டும், அல்லது 9 வயது நிரம்பியிருக்க வேண்டும். 19 வயதை எட்டும் ஆண்டின் டிசம்பர் 31 வரை பங்கேற்கலாம். அதைவிடச் சிறியவர்களுக்குக் குளோவர்பட் என்ற பிரிவு உண்டு. அதில் போட்டியே கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை அழகாக வரைகிறதே, ஏன் போட்டியில் சேர்க்கக் கூடாது என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, அந்த வயதில் நடுவரின் தீர்ப்பைக் கேட்டுச் சுருங்கிப்போகும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதே.

கால்நடைப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். புறநகரில் வாழும் நம் குடும்பங்களில் அதற்குப் போகிறவர்கள் குறைவு. இறைச்சிக்கான விலங்கைக் காட்டும் பிள்ளை தர உறுதிப் பயிற்சி பெற வேண்டும். விலங்குக்குக் கொடுத்த மருந்துகளைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். மருந்து உடலை விட்டு நீங்கும் காலம் முடிந்திருக்க வேண்டும். அந்த இறைச்சி யாரோ ஒருவர் தட்டுக்குப் போகிறது என்பதால் இதில் சலுகைக்கு இடமில்லை. 2012இல் பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய எச்3என்2வி காய்ச்சலுக்கு ஆளானவர்கள் நாட்டில் 309 பேர். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். கண்காட்சிகளில் பன்றிகளோடு பழகியவர்கள். கொட்டகைக்குள் தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள், வெளியே வந்ததும் கையைக் கழுவுங்கள் என்று எழுதிவைத்திருப்பது இதனால்தான். 2015இல் பறவைக் காய்ச்சலுக்கு அஞ்சி, ஒஹாயோ முழுவதும் உயிருள்ள பறவைகளைக் காட்சிக்கு வைப்பதையே நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் கோழி வளர்த்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிரிவில் பெற்றோருக்கு நான் வலியுறுத்தும் ஒன்று உண்டு. இறைச்சிப் பிரிவில் காட்டப்படும் விலங்குகள் பல கண்காட்சிகளில் அங்கிருந்து நேரே இறைச்சிக்கூடத்துக்குத்தான் போகும். அவை ஏலத்தில் விற்கப்பட்ட பிறகு மனம் மாறி வீட்டுக்கு அழைத்துவர முடியாது. புலால் உண்ணாத குடும்பத்துப் பிள்ளை ஒன்று இதை அறியாமல் ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்து வளர்த்து, கடைசி நாளில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். இனப்பெருக்க விலங்குகள், செல்ல முயல்கள், நாய்ப் பயிற்சி என்று வேறு பிரிவுகள் இருக்கின்றன. விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கங்களைப் படித்திருந்தால் அக்குழந்தை அதற்குரிய பிரிவில் மகிழ்ச்சியாக நின்றிருக்கும்.

விதிகளை நடைமுறைப்படுத்துகிறவர்களிடம் எனக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விதிப்புத்தகம் பல இடங்களில், பழகியவர்களுக்கு மட்டுமே புரியும் சுருக்கக் குறியீடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று தலைமுறைகளாகப் பங்கேற்று வரும் குடும்பத்துக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. நேற்று வந்த குடும்பத்துக்கு, படைப்பு எந்தப் போட்டிப் பிரிவைச் சேர்ந்தது என்று காட்டும் வகுப்பு எண் என்றால் என்ன என்பதே தெரியாது. புதிய குடும்பங்களுக்கென்று குளிர்காலத்தில் ஒரு மாலையை ஒதுக்கி விளக்கக் கூட்டம் நடத்தும்படி எங்கள் கண்காட்சிக் குழுவிடம் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், இன்னும் நடக்கவில்லை. அந்தத் தந்தையின் கோபம் இந்தத் திசையில் திரும்பினால் நானும் அவரோடு சேர்ந்து குரல் கொடுப்பேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ரிப்பன்களோடு நிற்கும் படங்களை ஆகஸ்டில் வெளியிடுவதோடு, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்திலேயே பதிவு, வயது வரம்பு, காலக்கெடு பற்றிய ஓர் அறிவிப்பையும் வெளியிடுங்கள். ஒஹாயோவின் 88 கவுண்டிகளுக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கச் சேவை உண்டு; பிற மாநிலங்களிலும் இத்தகைய சேவை இருக்கிறது. அங்கே தொலைபேசியில் கேட்டால் விதிப்புத்தகத்தை எங்கே பெறலாம் என்று சொல்வார்கள். கடிதம் எழுதிய தந்தை ஒஹாயோவில் வாழ்பவராயின், அவருடைய பிள்ளையின் அடுத்த ஆண்டுத் திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து உடன் அமர்ந்து படித்துக் காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்பதைத் தங்கள் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
ஒஹாயோ மாநிலம், அமெரிக்கா