றங்குப்பெட்டியைத் திறந்து பார்த்தேன்

அன்பின் மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீயும் மருமகனும் குட்டியும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே மாரி மழை தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்க வேப்பஞ்சருகு ஊறிக் கிடக்கிறது, கூட்ட முடியவில்லை.

போன ஞாயிறு நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் மனதுக்குள்ளேயே நிற்கிறது. "தையல் மெசினை விக்கப்போறன் அம்மா. ஒண்டையும் முடிக்கிறேல்லை. தைச்சு முடிக்காத துணிப் பெட்டியைப் பாக்கவே வெக்கமாக் கிடக்கு" என்றாய். அதற்குள் குட்டி அழ, நீ வைத்துவிட்டாய். எனக்குச் சொல்லக் கனக்க இருந்தது. பக்கத்து வீட்டு மாமி அடுத்த கிழமை ரொறன்ரோ வருகிறா, அவவிடம் கொடுத்துவிடலாம் என்று ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நீ வைத்த பிறகு நேரே அறைக்குப் போய், கட்டிலுக்குக் கீழே இருக்கும் றங்குப்பெட்டியை இழுத்துத் திறந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, ஒருவருக்கும் காட்டினதில்லை. அப்பாவின் சாம்பல் நிறச் சேட், கொலர் வைக்காமல். எனக்கென்று வெட்டிய இரண்டு சாறிச் சட்டை, ஒன்றுக்குக் கொக்கி இல்லை, மற்றதற்குக் கையே இல்லை. துண்டு துண்டாகப் பொருத்திக்கொண்டு வந்த போர்வை. விளிம்பு மடிக்காத யன்னல் சீலை. பழைய வேட்டியில் சந்தைக்குப் போக வெட்டிய பைகள், பிடி இல்லாமல். எல்லாமாக ஒன்பது உருப்படி. அடியில் அந்தப் பிஸ்கட் ரின்னும் இருந்தது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிலத்தில் இருந்து அவற்றை ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தபோது ஒரு விசயம் விளங்கியது. காசுக்கென்று எடுத்த உடுப்பில் நான் முடிக்காமல் விட்டது ஒன்றுகூட இல்லை.

உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். 1990இல் சண்டையால் கரண்ட் நின்ற பிறகும் நம் மெசின் ஓடியது, காலால் மிதிக்கும் மெசின் என்றபடியால். அம்மம்மாவுக்கு அவவின் அப்பா தவணைக் காசில் எடுத்துக் கொடுத்த சிங்கர். சிங்கர்க்காரர் இலங்கைக்கு வந்தது 1877இல். எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கறுப்பு மெசினால்தான் என்பேன். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மேலே ஒரு திரி. மார்கழி பிறந்தால் பள்ளிக்கூட வெள்ளை உடுப்புகள் குவியும். வெள்ளைத் துணியில் விளக்குக் கரி பட்டால் போகாது என்று விளக்கை எட்டத்தில் வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைப்பேன். ஆடி பிறந்தால் நல்லூர்த் திருவிழாவுக்குப் பாவாடை சட்டைகள். பிறகு தீபாவளி. எல்லாம் சொன்ன நாளில் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? இன்னொருவரின் துணி, இன்னொருவர் குறித்த நாள், அந்தக் காசை நம்பி நம் வீட்டு அரிசி. தைத்து முடித்ததைத் திருப்பிப் பார்க்கக்கூட நேரமிருக்காது, அடுத்தது மடியில் வந்துவிடும்.

நீ வேலைக்குச் சேர்ந்து, "இனி ஆருக்கும் காசுக்குத் தைக்கக்கூடாது" என்று அடம்பிடித்தாயே, அதன் பிறகுதான் இந்தப் பெட்டி நிறையத் தொடங்கியது. ஒன்பதும் நானாக விரும்பித் தொடங்கினவை. ஒரு துணியைத் தொடங்கிப் பாதியில் வைத்துவிட்டு, அதற்கு ஆருக்கும் பதில் சொல்லாமல் தேத்தண்ணி போடப் போகலாம் என்பது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அதைப் போய் வெட்கம் என்று நான் எப்படிச் சொல்வேன் பிள்ளை?

இப்போது மத்தியானச் சாப்பாடு முடிய, அப்பா கண்ணயரும் நேரத்தில் மெசினடிக்குப் போகிறேன். வடக்கு யன்னலால் நல்ல வெளிச்சம் வரும், வெயில் அடிக்காது. முதலில் இரண்டு துளி எண்ணெய், ஒரு வெட்டுத்துண்டில் நாலு வரி ஓட்டி எண்ணெய்க் கறை போகிறதா என்று பார்ப்பேன். அந்த நாலு வரி ஓடும்போதே மனதில் இருந்த அந்தரம் இறங்கிவிடும். புதுப் பொப்ளினைக் கத்தரிக்கோல் வெட்டிக்கொண்டு போகும் சத்தம் எனக்கு எந்தப் பாட்டையும்விட விருப்பம். வெண்கட்டிக் கோட்டில் சரியாக ஊசி இறங்கும்போது வரும் சந்தோசம், அந்தச் சட்டை முடிந்தாலும் முடியாவிட்டாலும் வந்துவிட்டதுதானே. நீயும் இரவு குட்டி படுத்த பிறகு அரை மணித்தியாலம் மெசினில் இருந்தால் நித்திரை நன்றாக வருகிறது என்று ஒருமுறை சொன்னாய். அதை மறந்துவிட்டாயா?

சரி, பிஸ்கட் ரின்னுக்கு வருகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு உனக்கு ஆறு வயது. சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்த இரவு. அப்பா மெசின் தலையைக் கழற்றி, ஒரு சாரத்தில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினார். இரும்புக் காலை விட்டுவிட்டோம். நான் ஒரு பையில் அகப்பட்ட துணிகளைத் திணித்தேன். மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டி, மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் போய் இருந்து பையைத் திறந்து பார்த்தால், எல்லாம் மற்றவர்களின் துணி. ஒரு ரீச்சரின் மூன்று சட்டை, வெட்டினபடி. மெசின் தலையை இரண்டு பக்கமும் செங்கல் வைத்து நிமிர்த்தி, வலது கையால் சில்லைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளி, அந்த மூன்றையும் தைத்து முடித்தேன். ரீச்சர் கொடிகாமத்தில் இருக்கிறா என்று கேள்விப்பட்டுக் கொடுத்தனுப்பினேன்.

உனக்குத் தைத்துக்கொண்டிருந்த மஞ்சள் சட்டை வீட்டிலேயே நின்றுவிட்டது. நெஞ்சுப் பகுதிக்கு ஸ்மொக்கிங், அதுதான் சுருக்குத் தையல், போட்டுக்கொண்டிருந்தேன். அம்மம்மா உடுவில் பள்ளிக்கூடத்தில் பழகிவந்து எனக்குக் காட்டித் தந்த வேலை. முடிந்த அகலத்தைப் போல மூன்று மடங்கு துணி எடுத்து, கால் இஞ்சிக்கு ஒரு புள்ளி வைத்து, நூலோட்டிச் சுருக்கி, சுருக்கின்மேல் தேன்கூடு மாதிரிக் கையால் தைக்க வேண்டும். மெசினில் வராது, கெதிப்படுத்தவும் முடியாது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது மெசின் கால் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. வெட்டி வைத்த பாவாடைத் துண்டுகளைக் கறையான் தின்றுவிட்டது. நெஞ்சுத் துண்டு மட்டும் ரின்னுக்குள் இருந்தபடியால் தப்பியது. நீயும் அதற்குள் வளர்ந்துவிட்டாய்.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவள் தன் பிள்ளையின் சட்டையை முடிக்கவில்லையே என்று கனகாலம் அந்த ரின்னைத் திறக்கவே மாட்டேன். போன ஞாயிறு திறந்து, யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து வரிசை முடிந்து, ஆறாவது வரிசையில் ஏழாவது சுருக்கில் நிற்கிறது. ஊசி குத்தினபடி துருப்பிடித்த இடத்தில் பாசிப்பயறு அளவில் ஒரு கபில நிறக் கறை. வரிசை ஒன்றும் கோணவில்லை. அந்த விளக்கு வெளிச்சத்தில் எப்படி இவ்வளவு நேராகத் தைத்தேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு வரிசையும் நீ என் காலடியில் பாயில் படுத்திருந்த ஓர் இரவு. வெளியில் எவ்வளவோ நடந்துகொண்டிருந்தது, ஆனால் அதைத் தைக்கும்போது நான் சந்தோசமாக இருந்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை இனி முடிக்க மாட்டேன். மெல்லிய வெள்ளைத் துணியில் சுற்றி, அப்படியே வைத்துவிட்டேன்.

மற்றவற்றுக்கு ஒவ்வொரு முடிவு எடுத்தேன். அப்பாவின் சேட்டுக்குக் கொலர் வைக்கப் போவதில்லை. கொலர் வைக்கும் வேலை எனக்குப் பிடிக்காது, காசுக்குத் தைத்தபோதும் பிடித்ததில்லை. தையலைப் பிரித்துத் தலையணை உறை இரண்டு தைத்தேன், ஒரு பின்னேர வேலை. கொக்கி இல்லாத சட்டையை ஒழுங்கையில் தையல் பழகும் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் கொக்கி வைக்கப் பழகட்டும், அவளே உடுத்தட்டும். போர்வைக்கு ஆறு இஞ்சிச் சதுரம் 150 வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன், குறுக்கே பத்து, நீளத்துக்குப் பதினைந்து. எண்ணினால் 84 இருந்தது. ஏழுக்குப் பன்னிரண்டாகப் பொருத்தி விளிம்பு அடித்தேன். அப்பாவின் சாய்மனைக் கதிரைக்கு அளவாக இருக்கிறது, அவர் அதில் இருந்து பேப்பர் பார்க்கிறார். நீ குட்டி பிறக்க முதல் தொடங்கின போர்வையையும் எடுத்து எண்ணிப் பார். கட்டிலுக்குப் போதாவிட்டால் அவளுடைய பொம்மைக்குப் போதும்.

உன்னுடைய அந்த நீலச் சட்டையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வீடியோவில் காட்டினபோது, "கையைப் பிழையாக வெட்டிப்போட்டன், கைக்குழிக்குள்ள அடங்குதில்லை" என்றாய். அந்த வெட்டில் பிழை இல்லை குஞ்சு. பொருத்தும் கையின் மேல் வளைவு கைக்குழியைவிட ஓர் இஞ்சி, ஒன்றரை இஞ்சி கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல்தான் தோள் உருண்டையில் கையை அழகாகப் படிய வைக்கும். வளைவில் விளிம்போடு இரண்டு வரி நீளத் தையல் ஓட்டு. கீழ் நூலை, பொபின் பக்கத்து நூலை, மெல்ல இழுத்தால் துணி தானாக ஒடுங்கும். மடிப்பு விழ விடாதே, விரலால் தடவித் தடவிப் பரவவிடு. வளைவின் நடுவைத் தோள் தையலோடு வைத்துக் குண்டூசி குத்து. பிறகு கைப்பக்கம் கீழே இருக்கத் தை. மெசின் பல்லு கீழ்த்துணியைத்தான் இழுத்துக்கொண்டு போகும், மிச்சக் கூடுதலையும் அதுவே உள்ளே வாங்கிவிடும். பொருந்தாவிட்டால் பிரித்துவிட்டு அடுத்த நாள் பார். இரவில் களைத்துப்போய்க் கை பொருத்தாதே. என் சட்டையிலும் நின்றது அந்த இடம்தான். எனக்குத் தெரியாத வேலை அல்ல, பஞ்சிதான்.

எதையாவது பாதியில் வைக்கும்போது ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி அதோடு நூலால் கட்டி வை: என்ன நம்பர் ஊசி, எந்த நூல், தையலுக்கு விட்ட விளிம்பு எவ்வளவு, அடுத்து என்ன செய்ய வேண்டும். ஆறு மாதம் போனால் ஒன்றும் ஞாபகம் வராது. பாதி அரைகுறைகள் முடியாமல் போவது, எங்கே விட்டோம் என்று தேடப் பஞ்சிப்பட்டுத்தான். ஊசியை மட்டும் துணியில் விட்டு வைக்காதே, அந்த மஞ்சள் துண்டில் நான் பட்டது போதும். மற்றது, பருத்தித் துணி வாங்கினால் வெட்ட முதல் ஒருமுறை நனைத்துக் காயவிடு.

பார்க்கப் பிடிக்காமல் போன துணிகள் இருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடு. காசு போட்டு வாங்கினது என்று வைத்துக்கொண்டு மனதைப் போட்டு வருத்தாதே. மெசினை மட்டும் விற்காதே. யன்னலடியில் வை, மூடி வைக்காதே. குட்டி வந்து சில்லைச் சுற்றினால் சுற்றட்டும், நூலைக் கழற்றி வைத்தால் போதும். நீயும் அப்படித்தான் சுற்றினாய்.

மாமியிடம் பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். அதோடு இரண்டு தலையணை உறையும் இருக்கும், அப்பாவின் சேட்டில் தைத்தவை. ஓரத்தில் தெறி அப்படியே இருக்கிறது. மஞ்சள் துண்டை அனுப்பவில்லை, நீ வரும்போது காட்டுகிறேன்.

குட்டியின் நெஞ்சளவையும், தோளிலிருந்து முழங்கால்வரை எவ்வளவு என்றும் எடுத்து அனுப்பு. சுன்னாகத்தில் ஒரு கடையில் அதே மாதிரி மஞ்சள் பொப்ளின் பார்த்தேன், நேற்றே இரண்டு யார் துணி வாங்கி நனைத்துப் போட்டுவிட்டேன். மழையால் இன்னும் காயவில்லை. ஸ்மொக்கிங்தான் போடப் போகிறேன். நாள் ஒன்றும் குறிக்கவில்லை. அவள் வளர்ந்துவிட்டால் அளவை மாற்றிச் சொல்லு.

இப்படிக்கு,
அம்மா