பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பச்சை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் பினாங்குச் சாயக் கடைகளில் கூட்டம் நெரியும். என்னை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் இப்போது அதிகம் கேட்பது வெளிர் பச்சை. நல்ல நிறம்தான். நம் ஊர் வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் கண்ணுக்குக் குளுமை, தேக்கு நாற்காலிக்கும் சாமி அறையின் பித்தளை விளக்குக்கும் பொருந்திப் போகும். ஆனால் ஜார்ஜ்டவுனில் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வரிசை வீடுகளில் இருப்பவர்களிடம் சாயத் தொழிலாளியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுவர்களுக்கு எமல்ஷன் சாயம், அதாவது காய்ந்ததும் பிளாஸ்டிக் தோல்போல் மூடிக்கொள்ளும் சாயம், வேண்டாம். பச்சையைச் சுண்ணாம்பில் கலந்து அடியுங்கள்.

அவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய வீடுகள். தரை ஈரம் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறியும் விடும். மேலே எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அண்மையில் ஒரு வீட்டில் பார்த்தேன். புதிதாக அடித்த பச்சை, முழங்கால் உயரம் வரை கொப்புளம். விரலால் தொட்டதும் சாயத்தின் தோல் கிழிந்து, பின்னாலிருந்து வெள்ளை உப்பு மாவாகக் கொட்டியது. சாந்தும் கூடவே உதிர்ந்தது. அந்த அம்மா அலமாரியை நகர்த்தி அதை மறைத்து வைத்திருந்தார். மனசு கஷ்டமாகிவிட்டது. சிமெண்டு பூசி மறுபடி அடிக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். தயவுசெய்து வேண்டாம், சிமெண்டு போட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

சுண்ணாம்பில் நிறம் எடுக்காது என்பவர்கள் லீத் ஸ்திரீட்டில் உள்ள சியோங் ஃபாட் ஸீ மாளிகையைப் போய்ப் பாருங்கள். அந்த மாளிகைச் சுவரின் நீலம் சுண்ணாம்பில் அவுரிச் செடியின் சாயம் கலந்து வந்தது. பச்சைக்குச் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் பொடி வேண்டும். குரோமியம் ஆக்சைடு பச்சை தாங்கும். முதலில் பழைய எமல்ஷனை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே நனைத்துச் சுரண்டுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அப்புறம் சுவரை நனைத்து, மெல்லிசாக மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். ஈரத்தில் பச்சை அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் நன்றாக வெளுத்துவிடும். அதனால் ஒரு மூலையில் அடித்து, மறுநாள் பார்த்துவிட்டுப் பொடியின் அளவை முடிவு செய்யுங்கள்.

உரசினால் சட்டையில் கொஞ்சம் ஒட்டும், சில ஆண்டுகளில் மறுபடி அடிக்கவும் வேண்டும். சரி, சாந்து உதிர்ந்து சுவரே கெடுவதைவிட அது சின்ன வேலைதான். அடுக்குமாடி வீட்டின் சிமெண்டுச் சுவருக்கு இந்தக் கவலை இல்லை, எமல்ஷனே தாராளமாக அடிக்கலாம்.

ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த ஊர். மரபு வட்டாரத்தில் வெளிச்சுவரின் நிறத்தை மாற்றுவதற்கு முன் மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சுவரைப் பராமரிக்கும் முறையைத் தமிழிலும் ஒரு சிறு கையேடாக மன்றம் எல்லா வீடுகளுக்கும் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் காயும், தீபாவளியை ஒட்டி மழையும் வரும். அதனால் கடைசி வாரத்தில் ஆள் தேடாமல் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

சாயத் தொழிலாளி,
ஜெலுத்தோங், பினாங்கு