அப்பாவுக்கு, புல்லர் செய்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? புல் வெட்டும் மிஷின் படுத்துவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அது எழுந்துவிட்டது.

பிரான்சில் ஜூன் மாதம் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. புல் கண்டபடி வளர்கிறது. ஆனால் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 12 வரைதான் மிஷின் சத்தம் போடலாம். அதற்குள் முடிக்கலாமென்று வேகமாகத் தள்ளினேன். பிளேடு ஒரு மரவேரில் மோதி, எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. அப்புறம் கயிற்றை இழுத்தால் கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கிறது, சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும்: எஞ்சின் மேலே சுற்றும் கனத்த சக்கரமான பிளைவீலைக் கிராங் தண்டோடு பூட்டும் சின்னக் கீ வெட்டிப்போச்சு. பிளைவீல் கொஞ்சம் நகர்ந்தால் போதுமே, அதிலிருக்கும் காந்தம் இடம் மாறி, ஸ்பார்க் தப்பான நேரத்தில் வரும்.

கடைக்காரர் புதுசே வாங்கச் சொன்னார். கூலி மிஷின் விலையைத் தாண்டுமாம். கீயை மாற்றப் பிளைவீலைக் கழற்ற வேண்டுமே, பக்கத்து வீட்டுக்காரரோ அதை ஸ்குரூடிரைவரால் நெம்பி, கிராங் தலையில் சுத்தியலால் ஒரு போடு போடு என்றார். முதுநகர் பட்டறையில் அதைச் செய்யப் போய் உங்களிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கிராங் கோணினால் எஞ்சினே போச்சு, பிளைவீல் இறக்கை உடைந்தாலும் நஷ்டம்தான்.

சரி, பிளைவீலை இழுத்துக் கழற்றும் புல்லரை நாமே செய்வோம் என்று இறங்கினேன். பிளைவீலில் இரண்டு துளை இருக்கிறது, மரை கிடையாது. துளையைச் சுற்றி கிரீஸ் தடவி, அம்மா அனுப்பிய போன வருஷத்துக் காலண்டர் அட்டையின் நடுவில் கிராங் நுழைய ஓட்டை போட்டு அழுத்தினேன். அளவு அச்சாக விழுந்தது. முன்பக்கம் முருகன், பின்பக்கம் கிரீஸ். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

முதலில் 4 மி.மீ. இரும்புப் பட்டையில் செய்தேன், வில்லாக வளைந்தது. அடுத்து பழைய கேட்டிலிருந்து 10 மி.மீ. பட்டை. எஞ்சின் அமெரிக்காக்காரன் செய்தது, துளை கால் இஞ்ச் போல்ட்டுக்கானது. இங்கே எந்தக் கடையிலும் கால் இஞ்ச் இல்லை, எல்லாம் மி.மீ. கணக்கு. 6 மி.மீ. டேப்பால் பிளைவீல் துளையில் மரை வெட்டினேன், கொஞ்சம் லூசாகத்தான் பிடித்தது. கிராங் நட்டை முழுசாகக் கழற்றாமல் மரை நசுங்காதபடி கிராங் தலைமட்டத்தில் நிறுத்தி, அதன்மேல் பட்டையை வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி அரைச்சுற்று அரைச்சுற்றாக முறுக்கினேன். ஸ்பானர் கனத்ததும் பட்டையின் நடுவில் லேசாக ஒரு தட்டு. டங்! பிளைவீல் இளகியது, நட்டைக் கழற்றியதும் கையோடு வந்துவிட்டது.

உள்ளே கீ பாதிக்குப் பாதி நகர்ந்து படிக்கட்டு மாதிரி நின்றது. மெத்தென்ற அலுமினியம், கிராங்கைக் காப்பாற்றத் தான் வெட்டுப்பட்டிருக்கிறது. புதுக் கீ போட்டதும் இரண்டாவது இழுப்பில் ஓடியது. மணி பன்னிரண்டாகிவிட்டதால் உடனே நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாதம் இவள் சித்தப்பா புதுச்சேரியிலிருந்து வருகிறார். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கால் இஞ்ச் டேப் ஒன்று, இஞ்சுக்கு 20 மரை உள்ளது, பார்த்து வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். கூடவே நாலு போல்ட்டு. பட்டை வேண்டாம், கேட் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.

உங்கள் மகன்