உன் லைவை இனி பார்க்க மாட்டேன், தம்பி

தம்பி,

வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். போன் பண்ணினால் "லைவ்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். இங்கே எழுதினால் உன் பையன்களில் யாராவது ஒருவன் கொண்டுபோய் சாட்டில் போடுவான், நீயும் படிப்பாய். அந்த நம்பிக்கைதான். வீட்டு விஷயத்தை ஊர் படிக்க எழுதுகிறாளே என்று கோபப்படாதே. நம் வீட்டு அறையை ராத்திரியானால் ஊருக்கே திறந்து வைப்பவன் நீ.

யூடியூப்பில் நீ கேம் ஆடிக் காட்டும் உன் லைவை இனி பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் பார்க்கிறேன் என்பதே உனக்குத் தெரியாது. வேறு பெயரில் ஓர் ஐடி வைத்திருக்கிறேன். என்ன பெயர் என்று இங்கே சொல்ல மாட்டேன், உன் ஆட்கள் பழைய சாட்டையெல்லாம் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருமுறை 40 ரூபாய்க்கு சூப்பர் சாட், அதுதான் காசு கட்டி அனுப்பும் செய்தி, போட்டு "சாப்டீங்களா ப்ரோ" என்று கேட்டேன். "நன்றி ப்ரோ, சாப்டாச்சு ப்ரோ" என்றாய். நீ தட்டைத் தொடவே இல்லை என்று அம்மா அப்போதுதான் என்னிடம் புலம்பிவிட்டுப் போனை வைத்திருந்தாள். உன்னிடம் ஒரு பொய்யைக் கேட்டு வாங்க எனக்கு 40 ரூபாய் ஆனது. அதில் 30 சதவீதம், 12 ரூபாய், யூடியூப்புக்குப் போனது.

வேவு பார்த்தேன் என்று நினைத்தால் மன்னித்துக்கொள். ஆனால் வேறு என்ன வழி வைத்திருந்தாய்? ஆட்டம் எனக்குப் புரியாது. மூலையில் ஒரு கட்டத்தில் உன் முகம் வருமே, அதைத்தான் பார்ப்பேன். கண்ணுக்குக் கீழே கருப்பு ஏறியிருக்கிறதா, மணிக்கட்டை உதறுகிறாயா, அம்மாவின் கை டம்ளரோடு கட்டத்துக்குள் வருகிறதா. மாமாவும் பாப்பாவும் தூங்கின பிறகு லாஸ்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் தம்பியை இப்படித்தான் பார்த்தேன்.

நல்லதையும் பார்த்தேன். பிளஸ் டூவில் ஃபெயிலான ஒரு பையன் சாட்டில் ஏதோ விபரீதமாக எழுதினான். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அவனோடு அரை மணி நேரம் பேசினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி ஐந்து நிமிடம் அம்மாவோடு எப்போது பேசினாய்?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரியைப் பற்றி நாம் பேசவே இல்லை. பந்தல் பிரிக்கவில்லை. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கூடத்தில் படுத்திருந்தார்கள். நான் உன் அறைக்கு அடுத்த அறையில். பத்து மணி வாக்கில் "வணக்கம் மக்களே" என்று உன் குரல் சுவர் வழியாக வந்தது. கூடத்தில் சித்தப்பா எழுந்து உட்கார்ந்து, "என்ன பிள்ளைடா இவன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனைத் திறந்தேன். லைவ் என்று பெயர்தான், அது கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. சுவர் வழியாக ஒரு சிரிப்பு, பத்து விநாடி கழித்து அதே சிரிப்பு போனில். "அண்ணா இவ்ளோ நாள் எங்க போனீங்க" என்று யாரோ கேட்டார்கள். "ஒரு சின்ன வேலை மக்களே" என்றாய். அதையும் இரண்டு தடவை கேட்டேன்.

அப்புறம் நாற்காலி நகர்ந்தது. மைக்கை அணைத்துவிட்டாய் போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு நீ அழுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. கையிலிருந்த போனில் நீ இன்னும் சிரித்துக்கொண்டு, யாருக்கோ ஆட்டத்தில் சேர ரூம் ஐடி சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகுதான் திரையில் "இதோ வந்துடறேன்" அட்டை விழுந்தது. "நெட் போச்சா ப்ரோ" என்று சாட் ஓடியது.

நான் வந்து கதவைத் தட்டவில்லை. கேமரா இருக்கிறதே, அழுத முகத்தோடு அதில் விழுந்துவிடுவேனோ என்று பயம். அது உண்மை. கூடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், சித்தப்பா பார்க்க உனக்குப் பரிந்துகொண்டு வர மனசில்லை. அதுவும் உண்மை.

அதே சித்தப்பாவிடம் பிறகு உனக்காக வாதாடினேன், தெரியுமா? உலகமே பார்த்த அமெரிக்க ஆட்டக்காரர் நின்ஜா 2018 ஜூனில் லைவை விட்டு 48 மணி நேரம்கூட விலகியிருக்கவில்லை, 40,000 சந்தாதாரர்கள் போய்விட்டார்கள் என்று ட்விட்டரில் புலம்பினார். அவருக்கே அப்படி என்றால் திருப்பாதிரிப்புலியூர்ப் பையன் பதினாறு நாள் கடையைச் சாத்தினால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். ஃப்ரீ ஃபயருக்குப் போனான், 2022 பிப்ரவரியில் அதுவும் போனது. பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐக்கு மாறினான், அந்த ஜூலையிலேயே அதையும் தூக்கிவிட்டு 2023 மேயில்தான் திரும்ப விட்டார்கள். எந்த உத்தியோகத்தில் இப்படி என்றேன். சித்தப்பா, "அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார்.

அந்த ஆப் விளம்பரத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுத்து 2025 ஆகஸ்டில் சட்டம் வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம் அம்மாவிடம் நீ என்ன கேட்டாய் என்பது நம் மூன்று பேருக்குள் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் ஊர் கேட்கச் சொல்கிறேன். "எங்கப்பாவுக்கு நான் ஆடுறதே பிடிக்காது" என்று நீ சாட்டில் சொல்வது பாதிதான் உண்மை. வருமானம் 10 டாலர் தாண்டியதும் கூகுளிலிருந்து தபாலில் பின் நம்பர் வந்ததே, அதைப் போஸ்ட்மேனிடம் வாங்கிய கையோடு டீக்கடைக்குக் கொண்டுபோய், "பையனுக்கு அமெரிக்கா கம்பெனி லெட்டர் போட்டிருக்கான்" என்று காட்டிவிட்டு வந்தார். உன்னிடம் கொடுக்கும்போது முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது 24 மணி நேர லைவ் என்று போஸ்டர் போட்டிருக்கிறாய். 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒருவர், ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட, இதே மாதிரி 24 மணி நேரம் ஆட உட்கார்ந்தார். 22 மணி நேரம் ஆனபோது சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. தூங்கிவிட்டார் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்தார்கள். அதைப் படித்த அன்றுதான் இந்த முடிவுக்கு வந்தேன். காலி நாற்காலியைப் பார்த்தபடி போனும் கையுமாக நான் உட்கார்ந்திருக்க முடியாது. உனக்கு ஒரு வியூ குறையும், பொறுத்துக்கொள். அக்கா வேண்டுமென்றால் நீதான் போன் பண்ண வேண்டும்.

தம்பிகளே, நீங்கள் படிப்பதும் தெரியும். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு "இன்னும் ஒரு மேட்ச் ப்ரோ" என்று கேட்பதை மட்டும் விடுங்கள்.

சனிக்கிழமை ராத்திரி தொடங்குவதாகப் போட்டிருக்கிறாய். ஞாயிறு காலை என்ன என்று நினைவிருந்து போட்டாயா, மறந்து போட்டாயா என்று தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்கு வயிறு எரிகிறது. தேவனாம்பட்டினத்துக்கு ஐயர் ஆறு மணிக்கே வந்துவிடுவார். மாமா ஐந்தரைக்கு வாசலில் வந்து ஹார்ன் அடிப்பார், உன் மைக்கில் கேட்கும். மக்களிடம் என்ன சொல்லிவிட்டு எழுந்து வருவாயோ அது உன் இஷ்டம், சின்ன வேலை என்று மட்டும் சொல்லாதே. எள்ளும் தர்ப்பையும் நான் வாங்கிவிட்டேன். பச்சரிசியும் வாழைக்காயும் நீ வாங்கி வை.

அக்கா