விடு என்று பாடினால் வீடு என்று கேட்கிறது

அல்சூர், பெங்களூரு
9 நவம்பர் 2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் தீபாவளி கழிந்த வாரம் வந்தது. முழங்கால் வலியைப் பற்றி ஒரு பக்கம், தலைமையாசிரியரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் “அந்த இசைத்தட்டு என்ன ஆயிற்று?” என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் மூன்று பக்கமும் எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா?

முடிந்துவிட்டது. 10 பாட்டு, 31 நிமிடம். நம் குழுவின் முதல் சி.டி. 2009 ஆகஸ்டில் வந்தது; அடுத்தது இதுதான். அதே மாதம்தான் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறந்தார்கள். 1991இலிருந்து 18 வருடம் மூடிக்கட்டி நின்ற மனிதர். பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அவரைத் தாண்டித்தான் போவோம். நெட்டையன் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், “எங்களுக்கு 16 வருடம்தான் ஆயிற்று, வள்ளுவரை இரண்டு வருடத்தில் முந்திவிட்டோம்” என்று சொல்லித் திரிகிறான். முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். நாற்பதாவது தடவைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் இத்தனை வருடம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. 2014இல் பதிவு செய்த ஏழு பாட்டின் டிரம்ஸ், ஹார்டு டிஸ்க்கோடு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு டிரம்ஸ்காரனுக்கு ஒயிட்ஃபீல்டில் இரவு வேலை; அவன் விழித்திருக்கும்போது நாங்கள் தூங்கினோம். 2020 ஊரடங்கு. நெட்டையனுக்கு இரண்டாவது குழந்தை. எல்லாம் உண்மைதான், ஆனால் இது ஊருக்குச் சொல்லும் காரணம். எங்களை உட்கார வைத்தது தமிழ். அதைக் கிளப்பிவிட்டவன் நீ.

மொட்டை மாடிக் கொட்டகையில் ஒரு நாள், “நம் ஆங்கிலப் பாட்டு யாருக்கப்பா? நம் அம்மாக்களுக்குப் புரியாது, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு வேறு நல்ல குழுக்கள் இருக்கின்றன” என்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? சொல்லிவிட்டு நீ 2011இல் திருச்சிக்குப் போய்விட்டாய். நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

நாம் வாசிக்கும் பவர் பாப் என்றால் என்ன என்று உன் மகள் கேட்டதாகவும், உனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். வெட்கம்! அவளிடம் இப்படிச் சொல். தி ஹூ என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967இல் தங்கள் இசைக்குச் சொன்ன பெயர் அது. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கிட்டார் பளிச்சென்று ஒலிக்கும், குரல்மேல் குரல் அடுக்கியிருக்கும், பல்லவிக்காக யாரையும் காத்திருக்க விடக்கூடாது. பாடுவது பெரும்பாலும் ஏக்கம்தான், ஆனால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாடக்கூடாது. இந்த வகைக் குழுக்களுக்கென்று ஒரு ராசி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல். நீ கேசட்டில் பதிந்து கொடுத்த மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழுவின் முதல் இசைத்தட்டு 1972இல் வந்தது. இசை விமர்சகர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள்; கடைக்குப் போனால் தட்டு இல்லை. மூன்றாவதை 1974இல் பதிவு செய்தார்கள், அது வெளியே வர 1978 ஆயிற்று. அதற்குள் குழுவே இல்லை. அதனால்தான் எங்கள் தாமதத்தை நான் பெரிய அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. குழு இன்னும் இருக்கிறது. முடி மட்டும் குறைந்திருக்கிறது.

தமிழுக்கு வருகிறேன். வேகமான தாளத்தில் ‘இருக்கிறேன்’ என்று பாடிப் பார். வினைச்சொல் வாயைவிட்டு இறங்குவதற்குள் அடுத்த வரி வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஓர் அசையில் முடிகிற வேலை. அதனால் முதல் மூன்று வருடம் வினைமுற்றே இல்லாமல் எழுதினோம். பெயர்ச்சொற்களாக அடுக்கிப் பார்த்தபோது மளிகைச் சீட்டுப் போல இருந்தது. அடுத்த சிக்கல் எதுகை. ஆங்கிலப் பாட்டில் வரியின் வாலில் ஒலி ஒத்தால் போதும். நாங்களும் வால்களைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தோம். காதில் ஒட்டவே இல்லை. நான் தமிழ்ச் சங்க நூலகத்தில் போய் யாப்பிலக்கணம் படித்தேன் என்றால் நம்புவாயா? பத்தாம் வகுப்பில் நீ பார்த்து எழுதக் காட்டியதால் தேறிய அதே நான்தான். நம் காது வரியின் தலையைத்தான் தேடுகிறது என்பது அங்கேதான் புரிந்தது. ‘ஏரிக் கரையில்’ என்று ஒரு வரி, ‘மாரிக் காலம்’ என்று அடுத்த வரி. இரண்டும் தாளத்தின் முதல் அடியில் விழுந்தவுடன் பாட்டு எழுந்து நின்றுவிட்டது. டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை குறிலும் நெடிலும். பல்லவியில் குரலை நீட்டாமல் பவர் பாப் இல்லை. தமிழில் நீட்டினால் சொல்லே மாறிவிடுகிறது. மலையை நீட்டினால் மாலை, கல்லை நீட்டினால் கால். நீ கிளம்பிய வாரம் நாம் பதிந்த முதல் தமிழ்ப் பாட்டின் பல்லவி ‘விடு, விடு, இந்த ஊரை விடு’. மெட்ரோ முதன்முதலாக ஓடிய அக்டோபர் அது. எம்.ஜி. ரோடு வரை சும்மா போய்விட்டு வந்து கொட்டகையில் அதைப் பாடினோம். நெட்டையனின் அம்மா கேட்டுவிட்டு, “பாட்டு நன்றாக இருக்கிறது. எந்த வீட்டைப் பற்றி?” என்றார். நீயும் அவனும் ‘விடு’வை இரண்டு தாளச் சுற்றுக்கு இழுத்து ‘வீடு, வீடு’ என்று பாடியிருக்கிறீர்கள். எனக்கு அன்று அது தெரியவே இல்லை.

அந்த ஒரு பாட்டைத் திருத்த ஆறு வருடம். ‘போ’ என்று மாற்றினோம். நீட்ட வசதியாக இருந்தது, ஆனால் நாயை விரட்டுவது போல ஒலித்தது. மெட்டை வெட்டி வெட்டிக் குறிலாகவே பாடினோம். இலக்கணம் சரியாக இருந்தது, பாட்டு செத்துக் கிடந்தது. போன வருடம் பரணில் துழாவியபோது உன் கையெழுத்தில் ‘மாடி, 2011’ என்று ஒரு சி.டி. கிடைத்தது. போட்டுக் கேட்டோம். கடைசிப் பல்லவியில் உன் இரண்டாம் குரல் மேலே ஏறி ‘வீடு’ என்று நிற்கிறது. யாரும் பேசவில்லை. பிறகு நெட்டையன்தான், “முதல் இரண்டு பல்லவியிலும் வெட்டி வெட்டி ‘விடு’. கடைசியில் இவன் வந்து ‘வீடு’ என்று பாடட்டும்” என்றான். அவன் சொன்னான் என்பதற்காகவே ஒரு வாரம் எதிர்த்தேன். அவன் சொன்னதுதான் சரி.

ஆனால் உன்னோடு வேலை செய்வது சாதாரணமல்ல. அந்தப் பதிவில் தாளக்கருவியின் ‘டிக் டிக்’ இல்லை. நீ நிமிடத்துக்கு 132 அடியில் தொடங்கி, உணர்ச்சிவசப்பட்டு 140இல் முடிக்கிறாய். உன் குரலை நேராக்கினால் அது நீயாக இல்லை. எனவே டிரம்ஸ்காரன் காதில் உன் குரலை மாட்டிக்கொண்டு, நீ ஓடுகிற இடத்தில் ஓடி, மூச்சு வாங்குகிற இடத்தில் நின்று, மூன்று இரவு வாசித்தான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஊரை விட்டுப் போனவன் இன்றைக்கு எங்களுக்குத் தாளம் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். இரண்டாவது சரணத்தில் சோமேஸ்வரர் கோயில் மணி வேறு கேட்கிறது, சுருதிக்குக் கொஞ்சம் கீழே. அகற்ற முயன்றோம், மணியோடு உன் குரலும் போயிற்று. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். நெட்டையன் அதைக் குறிப்பில் ‘விருந்தினர்’ என்று போட வேண்டும் என்கிறான்.

தட்டு 300 பிரதி. பணத்துக்கு நெட்டையனின் மோட்டார் சைக்கிள் போயிற்று, என் சீட்டுப் பணம் போயிற்று. இணையத்திலும் போடுவோம், ஆனால் அதிலிருந்து சோறு வராது. ஆண்டுக்கு 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாட்டுக்குக் காசே கிடையாது என்று ஒரு பெரிய தளம் 2024இல் சட்டம் போட்டிருக்கிறது. நம் பழைய பாட்டுகள் எந்தப் பக்கம் என்று நீயே ஊகித்துக்கொள்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் பாட்டைத் தட்டின் கடைசியில் வைத்திருக்கிறோம். தட்டில் ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைகிறது. கூர்மையான சத்தம் அங்கே கரகரக்கும். சத்தமான பாட்டுகளை விளிம்பில் வைப்பது வழக்கம். உன் பாட்டின் முடிவில் குரலும் ஒற்றைக் கிட்டாரும்தான். அது அங்கே தாங்கும்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. அட்டை 20ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. உன் பெயரை முதலெழுத்தோடு போடுவதா, நாங்கள் கூப்பிடும் பெயரைப் போடுவதா? பள்ளிக்கூடத்தில் தொந்தரவு வருமென்றால் சொல். வெறும் ‘இரண்டாம் குரல்’ என்று போட்டுவிடுகிறோம். எனக்குப் பெயர் வர வேண்டும் என்றுதான் ஆசை. கடிதம் போட்டால் தாமதமாகும், போனில் சொல்லிவிடு. இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
உன் பேஸ் கிட்டார்காரன்

பி.கு. உன் வீட்டில் இசைத்தட்டு ஓட்ட எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஜனவரியில் பொங்கல் விடுமுறைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வா. மாடிப்படி செங்குத்துதான், முழங்காலுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டிருக்கிறோம். டிரம்ஸ்காரனுக்கும் அது தேவைப்படுகிறது.