வட்டம் போட்டால் கிணறு தப்பாது

ஆசிரியருக்கு,

குடிநீர்க் கிணற்றுக்கு மேலே மரம் வெட்டும் கூப்பு இருந்தால், 'கிணற்றைச் சுற்றி இத்தனை மீட்டர் விட்டு வெட்டுங்கள்' என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நிலத்தடி நீர் வட்டமாக வருவதில்லை. பெரும்பகுதி மேட்டுப் பக்கத்திலிருந்தே வருகிறது. பள்ளத்துப் பக்கம் அதே அளவு இடத்தைக் காத்து என்ன பயன்?

மீட்டரை விட, தண்ணீர் கிணற்றை அடைய எடுக்கும் நாள்கணக்கு நம்பகமானது. மண்ணின் ஊடுருவு திறனை (நீரை எவ்வளவு எளிதாக விடும் என்பதை) நீர்மட்டச் சரிவால் பெருக்கி, நீர் ஓடக்கூடிய இடைவெளியின் பங்கால் வகுத்தால், தண்ணீர் ஒரு நாளில் நகரும் தூரம் கிடைக்கும். மணற்படுகையில் ஊடுருவு திறன் நாளுக்கு 10 மீட்டர், சரிவு நூற்றுக்கு ஒன்று, இடைவெளி 20 சதவீதம் என்று வையுங்கள்: அரை மீட்டர் நகரும். வெடிப்புப் பாறையில் அதே சரிவில் ஊடுருவு திறன் வெறும் 1 மீட்டர், ஆனால் இடைவெளி அரை சதவீதம்தான். கணக்கு 2 மீட்டர் காட்டும்! கிருமிகள் மடிய 50 நாள் பயணம் வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகள் சில பின்பற்றும் அளவு. அதற்கு மணலில் 25 மீட்டர் போதும், பாறையில் 100 மீட்டர் வேண்டும். சரிவின் திசை அறிய, முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளில் மோட்டாரை நிறுத்தி, மட்டம் நிலைத்தபின் ஒரே நாளில் அளந்தால் போதும். ஆனால் கிணற்று வாய்களின் உயர வித்தியாசத்தைக் கழிக்க மறந்தால் திசையே மாறிப்போகும்.

இந்த 50 நாள் கிருமிக்கு மட்டும். நைட்ரேட் அதற்கெல்லாம் மடியாது. அமெரிக்காவின் ஹப்பார்டு புரூக் ஆய்வுக் காட்டில் 1965-66 குளிர்காலத்தில் ஒரு ஓடைக்கு நீர் வடியும் பகுதியின் மரங்களை முழுக்க வெட்டி, மறுபடி தழைக்காதபடி களைக்கொல்லி அடித்தார்கள். ஓடையில் தண்ணீர் கூடியது, கூடவே நைட்ரேட் குடிநீர் வரம்பைத் தாண்டியது. மட்கு சிதைந்து வருவதை உறிஞ்ச வேர் இல்லையென்றால் அது கீழேதான் இறங்கும். தழைக்க விட்டு, துண்டு துண்டாக வெட்டினால் இவ்வளவு ஏறாது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது இன்னும் கேடு. காயக் காய நீர் சுண்டி நைட்ரேட்டின் செறிவு கூடும்.

முதல் மரம் சாயுமுன்பே தண்ணீர் மாதிரி எடுத்தாக வேண்டும். பிறகு எடுத்தால், 'முன்பே இப்படித்தான் இருந்தது' என்ற வாதத்துக்குப் பதில் இருக்காது. 150 மில்லிமீட்டர் போர்வெல்லில் ஒரு மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும். 40 மீட்டர் நீர் நின்றால் 700 லிட்டருக்குச் சற்று மேல். அதைப்போல் மூன்று பங்கு வெளியேற்றிவிட்டுத்தான் மாதிரி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் தேங்கிய நீரைத்தான் சோதிப்போம். டீசல், ஆயில் சோதனைக்குக் கண்ணாடிப் பாட்டில். பிளாஸ்டிக் எண்ணெயை இழுத்துக்கொண்டு குறைத்துக் காட்டும்.

டீசல் தொட்டியைச் சுற்றி, அதன் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்கும் தடுப்புத் தொட்டி கட்டச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் மரம் இழுக்கும் வண்டியின் ஹைட்ராலிக் ஹோஸ் சரிவில் வெடித்தால் அந்தத் தடுப்பு என்ன செய்யும்? உறிஞ்சும் பாய்கள் வண்டியிலேயே இருக்க வேண்டும், கிடங்கில் அல்ல.

எல்லாவற்றையும் விட மோசமானது கைவிட்ட போர்வெல். வாயில் பலகை போட்டு மூடியிருப்பார்கள், அதன்மேல் தழை குவியும், வண்டி ஏறும். மண் வடிகட்ட வேண்டிய அழுக்கு நேரே நீரடுக்கில் விழும். மேலிருந்து கான்கிரீட் கொட்டினால் பாதியில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, சிமென்ட்–பென்டோனைட் (நீரில் ஊதும் களிமண்) கூழைக் கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். வெட்டு அனுமதி தருவோர், கூப்பில் உள்ள பழைய துளைகள் இப்படி அடைக்கப்பட்டதற்கான பதிவைப் பார்த்த பிறகே கையெழுத்திடட்டும்.

— நிலத்தடி நீர்ப் பணியாளர்கள்