அந்த ஸ்டேட்டஸை எடுத்துவிடு அம்மாடி

அம்மாடி,

நேற்றும் நீ போனை எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும், சரி. ராத்திரிக்கு ஏதாவது சூடாகச் செய்து சாப்பிடு, பிரெட்டிலேயே ஓட்டாதே. சித்தி வீட்டு விஷயமெல்லாம் அப்புறம் சொல்கிறேன்.

உன் ஸ்டேட்டஸில் ஆங்கிலக் கவிஞர் ஹென்றி வோட்டனின் அந்த இரண்டு வரியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் முதலில் போனான், அவன் இல்லாமல் வாழ்ந்து பார்க்க அவள் கொஞ்ச நாள் முயன்றாள், பிடிக்கவில்லை, போய்விட்டாள். எட்டாவது படிக்கும்போது நீ அதைத் தப்பில்லாமல் ஒப்பித்தாய், வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்ட வைத்தேன், அவ்வளவு பெருமை எனக்கு. வகுப்பில் நடத்தும்போது, இரண்டு சாவுக்கு நடுவில் குழம்பு பிடிக்கவில்லை என்பதுபோல ஒரு சொல்லை வைத்திருக்கிறார் பாருங்கள் என்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த வரியில் வரும் ‘அவன்’ ஆல்பர்ட்டஸ் மார்ட்டன்; 1625-இல் அவர் இறந்து இரண்டே வருஷத்தில் அவர் மனைவியும் இறந்தார். அந்த இரண்டு வருஷம் அந்தப் பெண் எப்படி இருந்தாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்பாவுக்கு ஒரு பதிலாவது போட்டிருக்கலாம் நீ. சாப்பிடு. ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்காதே, குட்டியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்.

மாப்பிள்ளையின் பதினாறாம் நாளன்று உனக்கு ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் கவிதையை அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? பகலும் ரோஜாவும் வசந்தமும் சாகும், நல்ல ஆன்மா மட்டும் பதப்பட்ட மரம்போல வளையாது என்பார், 39 வயதிலேயே போய்ச் சேர்ந்த மனுஷர். அழுதுகொண்டிருந்த பெண்ணை மரமாக இருக்கச் சொல்லியிருக்கிறேன். அழு அம்மா, எவ்வளவு வேண்டுமானாலும் அழு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் பேப்பர் திருத்தும் வேலை இருக்கிறது என்று சொன்னேனே, அப்படி ஒரு வேலையும் இல்லை. உன் அம்மாவை அந்த மாதிரி ஒரு கட்டிலில் பார்த்தவன், மறுபடி உள்ளே வரப் பயந்துவிட்டேன். 1603-இல் கவிஞர் பென் ஜான்சனின் ஏழு வயது மகன் பிளேக்கில் இறந்தபோது அவரும் லண்டனில் இல்லை. இங்கே கிடப்பதுதான் நான் எழுதியதிலேயே சிறந்த கவிதை என்று பிள்ளையைப் பற்றி எழுதினார். நான் உனக்கு ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வர வேண்டாம் என்று சொல்லாதே. நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டு வருகிறேன், சாதம் மட்டும் வடித்து வை.

அப்பா